டேன் எக்ஸ் எங்கே அறுகிறது

மாரீஸ்வரிக்கு மாற்றிப் பேச வராது என்பதைக் காமயகவுண்டன்பட்டியில் ஒரு குறையாகத்தான் சொல்வார்கள். கம்பத்தில் தனியார் பள்ளியொன்றில் பிளஸ் ஒன் கணக்கு டீச்சர். ஒவ்வொரு கோடையிலும் நிறுத்திவிட்டு, ஜூனில் புதிதாகக் கண்டெடுத்ததுபோல் சேர்த்துக்கொள்வார்கள். உத்தமபாளையம் பக்கம் அரசு உதவிபெறும் பள்ளியில் நிரந்தர வேலை, நேர்காணலுக்கு வா என்றதும் வீடே அவளிடம் மரியாதையாகப் பேசத் தொடங்கியது.

திராட்சைக்கு மருந்தடிக்கக் கிளம்பிய கணவன் தங்கப்பாண்டி மட்டும் நம்பவில்லை. "இந்தாரு, அங்கன போயி வாதாடாத. அவுக எதச் சொன்னாலும் ஆமான்னு சொல்லு. இல்லேங்கறதுக்குத்தான் வீட்டுல நான் இருக்கேன்ல."

நேர்காணலில் கேள்வி கேட்டவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பக்கத்தில் பள்ளிச் செயலாளர் வடை தின்றுகொண்டிருந்தார்.

"டேன் எக்ஸ் எங்கம்மா தொடர்ச்சியில்லாமப் போகுது?"

"எங்கயும் இல்ல சார். சைன், காஸ் மாதிரி அதுவும் தொடர்ச்சிதான்."

"தொண்ணூறு டிகிரியில?"

"அங்கன அதுக்கு மதிப்பே கெடையாது சார். டேன் எக்ஸே இல்லாத எடத்துல அது அந்துபோச்சான்னு எப்படிக் கேக்கறது?"

செயலாளர் வடை தின்பதை நிறுத்தினார். பெரியவர் சிரித்தார். "அப்பத் தாள விட்டுப் பேனாவ எடுக்காம அந்தக் கோட்ட வரஞ்சு காட்டு, பாப்போம்."

வரைய முடியாது. ஆனால் பேனாவை எடுப்பதும் எடுக்காததும் கை சம்பந்தப்பட்ட விஷயம், கணக்கு சம்பந்தப்பட்டதல்ல. ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு அவள் சொல்வதே அதுதான். வாய்வரை வந்தது. எதிரே நிரந்தர வேலை உட்கார்ந்து மறுபடி வடை தின்றது.

"நீங்க சொல்றது சரிதான் சார். தொண்ணூறுல தொடர்ச்சியில்ல."

"அப்படி வா," என்றார் பெரியவர்.

வேலை கிடைக்கவில்லை. காரணம் கேட்கப் போனவளை அந்தப் பள்ளி கிளார்க் ஷானவாஸ் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

"ஏன் டீச்சர் அலையுறீக? செயலாளர் மருமகளுக்குன்னு போன மாசமே முடிவாயிருச்சு. நீங்க வந்ததே ஆள் கணக்குக்குத்தான்."

"அப்ப என்னைய எதுக்கு வேணாம்னாகளாம்?"

ஷானவாஸ் தயங்கினார். "கோவிச்சுக்காதீக. 'பாடத்துல உறுதி இல்ல, ஒரு மெரட்டு மெரட்டுனா பதில மாத்துறாக'ன்னு சொன்னாக."

திமிர் பிடித்தவள் என்றோ, ஒன்றும் தெரியாதவள் என்றோ சொல்லியிருக்கலாம். பொய் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிய வசதியாக இருந்திருக்கும்.

"சரியாத்தான் சொல்லியிருக்காக," என்று சொல்லிவிட்டு, கம்பம் பஸ்ஸுக்கு நடந்தாள்.