கயிற்றில் தொங்கியபடி கொடுத்த வாக்கு

காலை 6.40. ஒசாக்காவிலிருந்து முதல்நாளே ரயிலிலும் பிறகு ஒரு மணி இருபது நிமிடம் பஸ்ஸிலும் வந்து தங்கி, ஜப்பானின் ஒமினே மலைப்பாதையின் வாசலில் நானும் மனைவி ஜெசியும் நின்றோம். ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சனிலிருந்து இவ்வளவு தூரம் வந்தது அவளுடைய ஆசை. ஆறு மாதமாக இந்த மலையின் படங்கள் பார்த்து, சப்பாத்து வாங்கி, ஞாயிறுகளில் நடந்து பழகியவள் அவள். நான் பை தூக்க வந்தவன்.

வாசலில் ஒரு பலகை. பெண்கள் இதற்கு மேல் போகக்கூடாது என்று ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. ஜெசி மூன்று தடவை வாசித்தாள். அவள் பார்த்த படங்கள் ஒன்றிலும் இந்தப் பலகை இல்லை.

“அப்ப திரும்புவம்,” என்றேன். உள்ளுக்குள் சந்தோஷந்தான்.

“ஏன் திரும்ப? நீங்கள் ஏறுங்கோ. நான் நேர்ந்துகொண்டு வந்தனான்.”

“என்னத்துக்கு?”

“நீங்கள் நிரோவோட கதைக்கோணும் எண்டு.”

நிரோ எங்கள் மகன். நான் அலைந்து திரிந்து எடுத்துக் கொடுத்த வங்கித் தொழிற்பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு, வுப்பர்டாலில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிறான். இரண்டு வருடமாக அவனோடு எனக்குப் பேச்சில்லை. வேதக்காரியான இவள் தேவமாதாவிடம் நேராமல் ஜப்பான் மலைக்கு ஏன் நேர்ந்தாள் என்று விளங்காமல் கேட்டேன்.

“மாதாவிட்ட ரெண்டு தரம் நேர்ந்து பாத்திட்டன்,” என்றாள்.

ஏறினேன். உச்சி 1,719 மீற்றர். வெள்ளை உடுப்பும் கையில் சங்குமாக இறங்கி வந்த யாத்திரிகர்கள் எல்லோரும் எனக்கு ஏதோ சொன்னார்கள். வணக்கமோ எச்சரிக்கையோ தெரியாமல் தலையாட்டிக்கொண்டே போனேன்.

10.15. உச்சிக்குக் கிட்ட ஒரு பாறையில் வரிசை நின்றது. தேநீருக்காக்கும் என்று நானும் நின்றேன். என் முறை வந்ததும் அங்கு நின்ற வெள்ளை உடுப்புக்காரர்கள் என் தோளில் கயிறு மாட்டினார்கள். கைகூப்பச் சைகை காட்டினார்கள். இரண்டு பேர் காலைப் பிடித்துக்கொள்ள, தலைகீழாகப் பாறைக்கு வெளியே என்னைத் தள்ளினார்கள். கீழே வெறும் மர உச்சிகள். பின்னால் ஒருவர் அதட்டி ஏதோ கேட்டார். பயத்தில் ஜேர்மன் மொழி வரவில்லை. ஆம் என்பதற்கு எங்கள் ஊர்த் தமிழில் “ஓம்!” என்று கத்தினேன். மறுபடி கேட்டார். “ஓம்!” மூன்றாம் தடவை எனக்கு மூச்சே வரவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டுத் திரும்பக் கேட்டார். “ஓம், ஓம்!” மேலே இழுத்தார்கள்.

எனக்குப் பின்னால் நின்ற முதியவர் டுசெல்டோர்ஃபில் ஒன்பது வருடம் வேலை செய்தவராம். இறங்கும்போது ஜேர்மன் மொழியில் விளக்கினார். “வேலையை நேர்மையாகச் செய்வாயா, பெற்றோரை மதிப்பாயா, பிள்ளையை அன்பாகப் பார்ப்பாயா. எல்லோரிடமும் இந்த மூன்றும்தான்.”

“என்னிடமும் மூன்றும் கேட்டார்களா?”

“மூன்றாவதை உங்களிடம் இரண்டு தரம் கேட்டார்கள். முதலில் நீங்கள் பதில் சொல்லவில்லை.”

பிற்பகல் 2.00. வாசலில் ஜெசி கல்லொன்றில் இருந்தாள்.

“என்ன நடந்தது?”

எல்லாம் சொன்னேன், மூன்றாவது கேள்விக்கு வாய் திறக்காததையும். அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். தண்ணீர்ப் போத்தலை நீட்டிவிட்டு எழுந்து நடந்தாள்.

மூன்று நாள் கழித்து டுசெல்டோர்ஃப் ரயில் நிலையம், பிற்பகல் 2.50. ஜெசி கெல்சென்கிர்ச்சன் ரயிலுக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு போனாள். நிரோ இருக்கும் வுப்பர்டாலுக்கான ரயில் அடுத்த மேடையில். அரை மணித்தியாலப் பயணம். ஒன்பதாயிரம் கிலோமீற்றர் போய் வந்தவனுக்கு அந்த மேடைக்குப் போகக் கால் வரவில்லை. மகனோடு என்ன கதைப்பது என்று மலையில் ஒருவரும் சொல்லித் தரவில்லை. பாறையில் தொங்கியபோது இருந்த பயம் அப்படியே இருந்தது.

“ஜெசி, அவன் எத்தினை மணிக்கு வேலை முடிப்பான்?”

“நாலுக்கு,” என்றாள். பெட்டியை வுப்பர்டால் மேடைப் பக்கம் திருப்பிவிட்டிருந்தாள்.