நாலு நாள் குடுவை

மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று கொல்ல என்னென்ன சுரக்கின்றன என்று பார்ப்பதுதான் அந்த அம்மாளின் தொழில். முப்பது வருடமாகப் பார்க்கிறார். பேர் வாங்கித் தந்தது ஒன்றே ஒன்று, ஒரு மஞ்சள் பொருள். வேறு எந்த மருந்துக்கும் மசியாத கிருமிகூட அதற்கு மசிந்தது.

அது கிடைத்த விதம் இதுதான். ஒரு திங்கட்கிழமை காலை குடுவையில் நுண்ணுயிரை வளர வைத்தார். மத்தியானம் கணவருக்குக் குடல்வால் வெடித்தது. கணக்கு வாத்தியாரான அந்த மனிதர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். அம்மாள் குடுவையை அடியோடு மறந்துவிட்டு, கால் ஆடும் ஒரு நாற்காலியில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒன்பதாம் நாள் நாத்தனார் வந்திறங்கியதும் ஒரு மணி நேரம் ஆய்வகத்துக்குப் போனார். குடுவை மஞ்சளாக இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் வாத்தியார் கண் விழித்தார்.

"அண்ணி லேபுக்குப் போயிருக்காங்க" என்றாள் அவர் தங்கை.

ஆய்வகத் தலைவருக்கு ஒரு சட்டம் உண்டு. நாலாம் நாள் குடுவையை இறக்க வேண்டும், மறந்துபோன குடுவை சாக்கடைக்கு. அம்மாள் யோசித்துவிட்டு நோட்டில் 'நாலு நாள்' என்று எழுதினார். கட்டுரையிலும் அப்படியே அச்சானது. பிறகு தனக்கென்று ஆய்வகம் வந்ததும், ஒன்பது நாள் வளர்த்துவிட்டுக் கட்டுரைதோறும் 'முன்பு விவரித்தபடி' என்று போட்டுவந்தார். இந்தத் தொழிலில் அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் ஒரு யானையே ஒளிந்துகொள்ளலாம்.

வாத்தியார் கட்டுரையைப் படித்து, தான் ஆஸ்பத்திரியில் விழுந்த திங்கட்கிழமையிலிருந்து விரல் விட்டு எண்ணினார். அன்றிலிருந்து பன்னிரண்டு வருடமாக, விருந்தாளி வந்தால் போதும்.

"நான் சாகக் கெடந்தேன். நாலாம் நாளே இவ லேபுல குடுவையை எறக்கிட்டிருந்தா!"

எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாளும் சிரித்துவைப்பார். வாயைத் திறந்தால் நோட்டு பொய்யாகிவிடும். ஒவ்வொரு தடவையும் வலித்தது.

போன மாதம் வேறொரு ஆய்வகத்திலிருந்து கடிதம் வந்தது. ஏழு தடவை நாலு நாள் வளர்த்தும் மஞ்சள் வரவில்லையாம். அடுத்த மாதத்தோடு கைவிடப் போகிறார்களாம். அப்படி ஒரு பொருள் உண்மையிலேயே உண்டா என்று கேட்டிருந்தார்கள்.

ஒன்று தன் பேர் போக வேண்டும், இல்லாவிட்டால் மருந்து போக வேண்டும். இரண்டு நாள் அம்மாளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் திருத்தம் எழுதினார். வளர்த்தது ஒன்பது நாள். கணவரோடு மருத்துவமனையில் இருந்ததால் குடுவையை மறந்தேன். நோட்டில் எழுதியது பொய். தீனி தீர்ந்து பட்டினி கிடந்தால்தான் இந்த உயிர் அதைச் சுரக்கும். எழுதியதைப் பிழை பார்க்க, வழக்கம்போல, வாத்தியாரிடம் நீட்டினார்.

அவர் இரண்டு முறை படித்தார்.

"அப்ப நாலாம் நாள் நீ எங்க இருந்த?"

"உங்க பக்கத்துல. கால் ஆடுற நாற்காலியில."

"ஒம்பது நாளுமா?"

"ஒரு மணி நேரம் கழிச்சுக்கோங்க."

வாத்தியார் ஒரு காற்புள்ளியை மட்டும் திருத்திக் கொடுத்தார்.

திருத்தம் அச்சான வாரம், நாலைந்து பேர் அம்மாளுக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தினார்கள். கடிதம் போட்ட ஆய்வகத்தில் ஒன்பதாம் நாள் மஞ்சள் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த தங்கை, அண்ணனுக்கு அடியெடுத்துக் கொடுத்தாள். "அந்த நாலாம் நாள் கதையைச் சொல்லுண்ணா."

"அந்தக் கதை தப்பு" என்றார் வாத்தியார். "திருத்தம் வந்திருக்கு."