ஜப்பான் பூ

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில், இடுப்புயரத்தில், ஒரு வரிசை பீங்கான் டைல்ஸ் பதித்திருந்தது. பச்சைப் பளபளப்பில் மேடாக எழும்பிய ரோஸ் நிறப் பூ. அதே பூவைத்தான் அப்பா பட்டுச் சேலைக் கரையில் நெய்வார். கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து அது எங்கள் பூ. உலகத்தில் வேறு யாருக்கும் கிடையாது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

பாகம் பிரித்தபோது பூ அப்பாவின் பங்குக்கு வந்ததாம்; பக்கத்து வீட்டில் பெரியப்பா அதைத் தன் தறியில் போட்டதும் சண்டை வந்தது. “கூடப் பொறந்தவனே திருடினா எங்க போய்ச் சொல்றது” என்று அப்பா சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படிச் சொன்னார். பேச்சு நின்றது. பெரியம்மாவின் முறுக்கு மட்டும் கொல்லை வழியாக எனக்கு வந்துகொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஏனாத்தூர்ப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் அக்கா ஒருவர், பழைய டைல்ஸின் வரலாற்றை எழுதுவதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பெயர்ந்து கிடந்த ஒரு டைல்ஸை அம்மா சூடான பாத்திரம் வைக்கப் பயன்படுத்துவாள். அக்கா அதைப் புரட்டி அப்பாவிடம் காட்டினார். முதுகில் ஆங்கில எழுத்துகள்.

“ஜப்பான்ல செஞ்சதுண்ணா. மண்ணுப் பொடிய பூ அச்சுல அழுத்தி, கலர் பூசிச் சுட்டு, கப்பல்ல அனுப்பியிருக்காங்க. ஆனா இந்த மாதிரி மொதல்ல போட்டது இங்கிலாந்துல. அதப் பாத்துதான் ஜப்பான்காரங்க செஞ்சாங்க.”

“அப்ப எங்க தாத்தா போட்ட பூவு?” என்றார் அப்பா.

“அவரு இதப் பாத்து நெய்ஞ்சிருப்பாரு.”

அப்பா டைல்ஸைக் கையில் வாங்கினார். “இங்கிலாந்துக்காரன் எதப் பாத்துப் போட்டானாம்மா?”

“அதத்தாண்ணா தேடிக்கினு இருக்கேன்.”

அவர் போனதும் அப்பா டைல்ஸை எடுத்துக்கொண்டு நேராகப் பெரியப்பா வீட்டு வாசலுக்குப் போனார். பெரிய சண்டையைப் பார்க்கப் பின்னாலேயே ஓடினேன்.

“இதப் பாருண்ணா. நம்ம தாத்தாவே ஜப்பான்காரங்கிட்டதான் எடுத்திருக்காரு.”

பெரியப்பா தறியை நிறுத்தினார். டைல்ஸின் முதுகைத் தடவிப் பார்த்தார். முதலில் யார் சிரித்தார் என்று நினைவில்லை. இருவரும் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார்கள். பெரியம்மா காபி கொண்டு வந்தாள். எனக்கு அழுகை வந்தது. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வேன் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அத்தனை நாள் கட்டிக் காத்த ஒன்றை ஒரே காலையில் பறிகொடுத்துவிட்டு, அப்பா எப்படி அவ்வளவு சந்தோஷமாக வீடு திரும்பினார் என்று எனக்கு அன்று விளங்கவே இல்லை.