சிவப்பு மொபெட்டுக்கு ஒரு இடம்

போன வாரம் பாண்டி பஜாருக்குப் போயிருந்தேன். பார்க்கிங் காசு கட்டுகிற பழைய மெஷினைப் பிடுங்கி நடைபாதையில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று இப்போதுதான் ஒருவழியாகக் கற்றுக்கொண்டிருந்தேன். அதற்குள் புதுசு வந்துவிட்டது. புதுசில் பொத்தானே இல்லை. நான் அதைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்து, சீருடை போட்ட ஒரு பெண் வந்தாள்.

"போனைக் காட்டுங்க அங்கிள், அதுவே எடுத்துக்கும். காலியா இருக்கிற இடத்துல பச்சை லைட் எரியும், பாத்துக்குங்க."

சாய்ந்து கிடந்த மெஷினிலிருந்து வெயிலில் காய்ந்த ரப்பர் வாசனை வந்தது. உங்களுக்கு எப்படியோ, எனக்கு அந்த வாசனை என்றால் கன்னியப்பன்தான்.

தொண்ணூறுகளின் நடுவில், பனகல் பார்க் பக்கம் ஒரு சந்தில் ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டவர் அவர். சீட்டைக் கிழித்து ஒரு பாதியை பிரேக் ஒயரில் செருகுவார், மறுபாதி நமக்கு. அவரிடம் ஒரே ஒரு சட்டம்தான்: ஹேண்டில் லாக் போடக் கூடாது. போட்டால், "இன்னா சார், நம்ம மேல நம்பிக்கை இல்லியா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பூட்டாத வண்டிகளை நாள் முழுக்க உருட்டி, நெருக்கி, இல்லாத இடத்தை உண்டாக்குவதுதான் அவர் வேலை. காலையில் விட்ட இடத்தில் சாயங்காலம் வண்டி இருக்காது.

எதிர் மாடியில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் எனக்கு முதல் வேலை. கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தேன். என் ஸ்கூட்டரை எந்த மூலையில் விட்டாலும், சாயங்காலம் அது ஒரு சிவப்பு மொபெட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். மொபெட் வசுமதியுடையது. மயிலாப்பூர்ப் பெண், பக்கத்துக் கட்டடத்தில் ஆடிட்டர் ஆபீசில் வேலை. புடவைக் கடைகள் தூக்கிப் போட்ட அட்டைப் பெட்டிகளைப் பிரித்து, சீட் சுடாமலிருக்க வண்டிகள் மேல் போட்டு வைப்பார் கன்னியப்பன். எங்கள் இரண்டு வண்டிக்கும் சேர்த்து ஒரே நீள அட்டை. ஒருவர் வண்டியை எடுக்கும்போது மற்றவர் அட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படித்தான் பேச ஆரம்பித்தோம்.

"இவர் வேணும்னேதான் பண்றார், தெரியுமோ?" என்றாள் ஒருநாள், சிரித்துக்கொண்டே.

"அப்படியா?" என்றேன். என் சாமர்த்தியம் அவ்வளவுதான். சொல்ல வேண்டியதையெல்லாம் மாடிப்படியில் ஒத்திகை பார்த்துவிட்டு, கீழே வந்ததும் மழை வருமா என்று கேட்கிற ஆள் நான்.

தீபாவளிக்கு முன்னால் ஒரு சாயங்காலம், அட்டையின் ஒரு முனையைப் பிடித்தபடி சொன்னாள்: "நாளைலேர்ந்து வரமாட்டேன். ஆத்துல கல்யாணம் நிச்சயம் பண்ணிட்டா. பூனாவுக்குப் போறேன்."

கொஞ்ச நேரம் நின்றாள். நான் "ரொம்ப சந்தோஷம்" என்றேன். அட்டையை என் கையில் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

கன்னியப்பனுக்கு இது தெரியாது. பண்டிகைக் கூட்டத்தில் சந்து திணறியது. என் ஸ்கூட்டர் பக்கத்தில் மட்டும் ஒரு மொபெட் அளவுக்கு இடம் காலியாகவே இருந்தது. ஒருத்தர் அதில் வண்டியைச் செருகப் பார்த்தபோது கன்னியப்பன் கத்தினார்: "யோவ், அங்க வுடாத! அதுக்கு ஆள் கீது!"

பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தம்மா லீவுல கீது போல சார். வந்துரும்" என்றார்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த இடமும் போய்விடும். "வந்துடுவாங்க" என்றேன். பொங்கல் வரைக்கும் இரண்டு வண்டி அகலத்துக்கே அட்டை போட்டிருந்தார். ஒருநாள் அந்த இடத்தில் யாருடைய ஸ்கூட்டரோ நின்றது. அவருக்கு விஷயம் எப்படித் தெரிந்ததோ, என் வண்டியை உருட்டிக் கொடுத்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தச் சந்து இப்போது ஒரு நகைக் கடைக்குப் பின்வாசல். கன்னியப்பனைத் தெரிந்தவர்கள் யாரும் அங்கே இல்லை.

போன வாரம் அந்தச் சீருடைப் பெண் சொன்னபடி காரை நிறுத்திவிட்டு இறங்கியபோது பக்கத்து இடத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என்னையறியாமல் அங்கேயே போய் நின்றுவிட்டேன். பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார். அதற்கு ஆள் இருக்கிறது என்று வாய் வரைக்கும் வந்தது. நகர்ந்து வழிவிட்டேன்.