கடிகாரத்தை ஓட வைத்த இருபது நாட்கள்

ரஞ்சன்காவ் தொழிற்சாலையில் பதினைந்து வருடம் வேலை பார்த்த பிறகு அப்பா தனக்கென்று வாங்கிக்கொண்ட ஒரே ஆடம்பரம் அந்த சுவிஸ் கைக்கடிகாரம். அம்மா ஒரு வாரம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சொந்த ஊரான கோயம்புத்தூரில் இருந்த உறவுகளுக்குப் போனில் சொன்னபோது விலையில் பாதியை மறைத்துவிட்டாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கடிகாரத்தின் பின்பக்கமும் கண்ணாடிதான். அதற்குள் ஓர் அரைவட்டத் தகடு, அப்பா கையை அசைக்கும்போதெல்லாம் சத்தமில்லாமல் சுழலும்.

"இதுக்கு பேட்டரி கெடையாது கண்ணு. கட்டியிருக்கற ஆளு நடமாடுனாத்தான் ஓடும். கழட்டி வெச்சா ரெண்டு நாள்ல நின்னு போயிரும்" என்று பெருமையாகச் சொல்வார்.

அந்த மழைக்காலத்தில் அவருக்கு மஞ்சள் காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிறுபிள்ளைகளை உள்ளே விடவில்லை. அம்மா கடிகாரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவில் வைத்தாள். அப்பா திரும்பி வரும்போது அது நின்றிருந்தால் வருத்தப்படுவார் என்பதுதான் என் கவலை. பள்ளி விட்டு வந்ததும் அதை எடுத்து, ஜிப் வைத்த டவுசர் பையில் போட்டுக்கொண்டு, ஹடப்சரில் எங்கள் அடுக்குமாடியின் பார்க்கிங்கில் ஸ்கூட்டர்களுக்கு நடுவே ஸ்கிப்பிங் ஆடுவேன். தொடையில் கனமாக இடித்துக்கொண்டே இருக்கும்.

ஒரு வாரத்தில் அம்மாவிடம் மாட்டிக்கொண்டேன். அடி விழும் என்று நின்றேன். காரணத்தைச் சொன்னதும் அவள் கடிகாரத்தை வாங்கிக் காதில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு என் பையிலேயே போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள்.

"கீழ போட்றாத சாமி" என்று மட்டும் சொன்னாள்.

இருபதாம் நாள் அப்பா வீட்டுக்கு வந்தார். ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைப் பார்த்து என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். கட்டியதும் அது வழுக்கி முழங்கை வரை போனது. எனக்குச் சிரிப்பு வந்தது, அவரும் சிரித்தார். அம்மா மட்டும் சமையலறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் அம்மாவே கடைக்குக் கொண்டுபோய், செயினிலிருந்து மூன்று கண்ணிகளைக் கழற்றி வாங்கி வந்தாள். அந்த மூன்றையும் குங்குமச்சிமிழில் போட்டுச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். தினமும் விளக்கேற்றியதும் சிமிழைத் திறந்து பார்த்துவிட்டு, அப்பாவின் மணிக்கட்டையும் ஒருமுறை பார்ப்பாள்.

விலை உயர்ந்த பொருளாயிற்றே, தொலைந்துவிடக்கூடாது என்றுதான் பார்க்கிறாள் என நினைத்துக்கொண்டேன்.