சுவர் பக்கம் திரும்பிய கேமரா

கேமரா மாட்டுகிறவனுக்குப் பேயிடம் பயம் இருக்கக் கூடாது. வீட்டுக்காரர்களிடம்தான் இருக்க வேண்டும். காரைக்குடியைச் சுற்றி நான் ஏணி சாத்தாத ஊர் குறைவு. பிள்ளைகள் எல்லாம் வெளியூரில், வீடு மட்டும் இங்கே. அதைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டு கிடப்பதே பலருக்குப் பாதிப் பிழைப்பு. உங்கள் வீட்டிலும் ஒன்று மாட்டியிருப்பீர்கள். மாட்டிய நாளிலிருந்து உங்களுக்கு நிம்மதி போயிருக்கும். எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஆக, நாம் ஒரே கட்சி.

ஆடிய ஊஞ்சல்

குன்றக்குடிப் பக்கம் பூட்டிக் கிடக்கிற வீடு ஒன்று. அண்ணன் தம்பிக்குள் கோர்ட்டில் வழக்கு. தம்பி சென்னையிலிருந்து கூப்பிட்டார். நான் மாட்டிய கேமராவில் கூடத்து ஊஞ்சல் தானாக ஆடுகிறதாம். பட்டப்பகலில் சாவி வாங்கிப் போய்த் திறந்தேன். ஜன்னல்கள் அடைத்தபடி இருந்தன. தரைத் தூசியில் என் காலடியைத் தவிர வேறு தடம் இல்லை. ஊஞ்சல் அசையாமல் தொங்கியது. "நிக்குது சார்" என்று போனில் சொன்னேன். "இல்லையே, இப்பவும் ஆடுதே. நீங்கதான் உக்காந்திருக்கீகன்னு நெனச்சேன்" என்றார்.

படம் கொஞ்சம் பின்தங்கி வரும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் கால் கேட்கவில்லை, ஏணியை விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிட்டது. "மனுசன் யாரும் ஆட்டல சார், அத மட்டுந்தான் என்னால சொல்ல முடியும்" என்றேன். அவர் நிம்மதியாக மூச்சுவிட்டார். "ஆவியா இருந்தா இருந்துட்டுப் போகட்டும் தம்பி. அண்ணன் மக்க வந்து ஆடலையில்ல, அது போதும்."

முகமில்லாத கைகள்

ஒரு கிராமத்துப் பெரியவர் தன் தென்னந்தோப்பு வேலியில் கேமரா கேட்டார். கீழத்தெரு ஆட்கள் தோப்பு வழியாகக் குறுக்கே நடக்கிறார்களாம், ஒரு கால் பட்டாலும் தெரிய வேண்டுமாம். "அவுக காலு நம்ம மண்ணுல படக் கூடாது" என்றார். அதனால் பாதை தெரியும்படி தாழ்வாக மாட்டச் சொன்னார். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் மாட்டினேன். பிழைப்பு அப்படி.

அடுத்த மாதமே உச்சி வெயிலில் அவர் தோப்பிலேயே மயங்கி விழுந்தார். கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தார். கொண்டுவந்து சேர்த்தவர்கள் பெயர் சொல்லாமல் போய்விட்டார்கள். பதிவைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார். சத்தமில்லாத படம். தரையில் அவர் கிடக்கிறார். ஒவ்வொன்றாகக் கைகள் வருகின்றன. ஒரு கை தண்ணீர் தெளிக்கிறது, ஒரு கை வாயோர நுரையைத் துடைக்கிறது, பிறகு எல்லாக் கைகளும் சேர்ந்து அவரைப் படத்துக்கு வெளியே தூக்கிக்கொண்டு போகின்றன. தாழ்வாக மாட்டியதால் முகம் ஒன்றுகூட இல்லை. திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னார். கடைசியில் மெல்லச் சொன்னார்: "இது யாரு கைன்னு தெரியுற வரைக்கும், எதுக்க வர்ற எல்லாரையும் கும்பிட வேண்டியதுதேன்."

சுவருக்குள் ஒரு குரல்

இனி அமராவதிபுதூர் வீடு. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அண்ணன் தம்பி சண்டை போட்டுப் பாகம் பிரித்த பெரிய வீடு. முற்றத்தின் நடுவே ஆள் உயரத்துக்குச் சுவர். அந்தப் பக்கம் தம்பி, இந்தப் பக்கம் அண்ணன். அண்ணன் பக்கவாதத்தில் ஒரு கை விழுந்து, பேச்சும் போய், முற்றத்து ஓரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சமையலுக்கு ஒரு அம்மா காலையும் மாலையும் வந்து போவார். மகன் முத்து சிங்கப்பூரில். மகள் செல்வி இருப்பது பக்கத்தில், காரைக்குடியில்தான். ஆனால் கிறிஸ்தவ வாத்தியார் ஒருவரைக் கட்டிக்கொண்டதால், "என் செத்த மூஞ்சியிலகூட முழிக்கக் கூடாது" என்று பேச்சு இருந்த காலத்தில் அப்பா ஊர் முன்னால் சொல்லிவிட்டார். அப்பா சொல்லைக் காப்பாற்றுகிறேன் என்று முத்துவும் தங்கையோடு பேசுவதை விட்டுவிட்டார். இவ்வளவும் சமையல்காரம்மா என் ஏணியைப் பிடித்துக்கொண்டே சொன்னது.

பேசவும் கேட்கவும் வசதியுள்ள கேமரா ஒன்றை, கொல்லைக் கதவும் அப்பாவின் நாற்காலியும் தெரிகிற மாதிரி மாட்டினேன். அந்த வாரமே முத்து கூப்பிட்டார். கேமரா சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது என்றார். போய்ச் சரிசெய்தேன். மறுபடி திரும்பியது. அந்தக் கை விழுந்த மனிதரைத் தவிர நடுப்பகலில் வீட்டில் யாரும் கிடையாது. கேமராவின் கழுத்தில் ஒரு கீறல் இருந்தது. அதில் முருங்கையிலை ஒன்று ஒட்டியிருந்தது. இந்தப் பக்கம் முருங்கை மரமே இல்லை. நான் அந்த இலையைப் பார்த்துக்கொண்டே நிற்கும்போது முத்துவின் அழைப்பு வந்தது. "அண்ணே, படத்துல செவரு மட்டுந்தான் தெரியுது. ஆனா செத்துப்போன எங்கம்மா குரல் நேத்து கேட்டுச்சுண்ணே."

தொரட்டி

அடுத்த தடவை நடுப்பகலிலேயே போய் ஏணியில் ஏறினேன். பின்னால் ஒரு பெண் குரல், "இன்னைக்காவது நல்லா சாப்பிட்டீகளா?" என்றது. ஏணியோடு விழுந்திருப்பேன். திரும்பினால், கொல்லைக் கதவில் கையில் தூக்குச்சட்டியோடு செல்வி. சுவருக்கு அங்குட்டு முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியை உயர்த்திப் பிடித்தபடி அவருடைய சித்தப்பா. செல்வி அவர் வீட்டுக் கொல்லை வழியாகத்தான் வருவது வழக்கம். வரும்போதெல்லாம் அவர் தொரட்டியால் கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பி விடுவார். படத்தை மறைத்த மனிதருக்கு அதற்குக் காது கேட்கும் என்பது தெரியவில்லை.

செல்வி ரசம் சாதத்தைப் பிசைந்து ஊட்ட, அந்தப் பெரியவர் விழுந்த வாயால் மெல்ல முயன்றுகொண்டே நல்ல கையால் மகளின் முந்தானையை விடாமல் பிடித்திருந்தார். வாய் சொன்ன சத்தியத்தைக் கை எப்போதோ மீறிவிட்டது. வருஷக்கணக்காக அண்ணனோடு ஒரு வார்த்தை பேசாத சித்தப்பாவிடம், "உங்களுக்கு ஏங்கய்யா இந்த வம்பு?" என்றேன். அவர் தொரட்டியைத் தாழ்த்தினார். "எனக்கும் எங்க அண்ணனுக்குந்தான் பேச்சு இல்ல. அவருக்கும் அவரு மகளுக்கும் நடுவுல நான் எதுக்குத் தம்பி செவரா நிக்கணும்?"

லூசான பிராக்கெட்

முத்துவிடம் "கேமராவத் தாங்குற பிராக்கெட் லூசு, அதான் திரும்பிக்குது" என்று சொல்லிவைத்தேன். குரலைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. சொன்னால் கொல்லைக் கதவுக்குப் பூட்டு வரும், மகளும் அப்பாவும் அத்தோடு சரி. சில நாள் கழித்து அவரே கூப்பிட்டார். "நேத்து தெளிவாக் கேட்டுச்சுண்ணே. 'அப்பா, வாயத் தொறங்க'ன்னுச்சு. எங்கம்மா எங்கப்பாவ அப்பான்னு கூப்பிட மாட்டாகளே" என்றார். கூடப் பிறந்தவளின் குரலை மறக்கிற அளவுக்கு ஒருவன் பேசாமல் இருந்திருக்கிறான் என்று நினைத்தபோது, அந்த ஊஞ்சலைவிட இதுதான் என்னைப் பயமுறுத்தியது. "புது பிராக்கெட் போட்டுரவா சார்?" என்று கேட்டேன். "வேணாம்ணே. அது லூசாவே இருக்கட்டும்."

உள்ளே விடுங்க

மழைக்காலத்தில் முத்துவின் அப்பா போய்விட்டார். முத்துவால் நேரத்துக்கு வர முடியவில்லை. படத்திலாவது பார்க்க வேண்டும், அப்பாவிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டதால், நான் போய்க் கேமராவைத் திருப்பி, சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தேன். முற்றத்தில் உடல். செல்வி எப்போதும்போல் சித்தப்பா கொல்லை வழியாக வந்தார். கொல்லைக் கதவில் பங்காளிகள் மறித்தார்கள். செத்த மூஞ்சியில் முழிக்கக் கூடாது என்று அவரே சொன்னதாயிற்றே, செத்தவர் சொல்லை மீறலாமா என்றார்கள். சித்தப்பா கெஞ்சினார். பேச்சுவார்த்தை இல்லாத தம்பி சொல் அங்கே எடுபடவில்லை. செல்வி கொல்லைப் படியை விட்டு நகராமல், எட்டி எட்டிப் பார்த்தபடி நின்றார்.

அப்போதுதான் மேலேயிருந்து கேட்டது. கனமான, கரகரத்த குரல்: "செல்விய உள்ள விடுங்க."

ஒப்பாரி பாதியில் நின்றது. ஊதுவத்திப் புகைகூட நின்றதுபோல் இருந்தது. முத்துவுக்கு அப்படியே அப்பாவின் குரல் என்பதை அன்றுதான் நான் அறிந்தேன். பக்கவாதம் வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் கேட்காத குரல். கேமரா பேசும் என்பது பங்காளிகளில் ஒருவருக்கும் தெரியாது. எல்லாரும் உடலைப் பார்த்தார்கள். சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் கீழே கிடந்த வயரை மும்முரமாகச் சுற்ற ஆரம்பித்தேன். மறித்தவர்களில் மூத்தவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு விலகினார். "அவரே வாயத் தொறந்து சொல்லிட்டாரு, இனி மறிக்க நாம யாரு? உள்ள போ தாயி."

அன்றிலிருந்து கேமரா கேட்டு வருகிறவர்களிடம் படம் எவ்வளவு தெளிவு என்று நான் அளப்பதில்லை. ஸ்பீக்கர் மட்டும் நன்றாகப் பேசுகிறதா, பிராக்கெட் கொஞ்சம் லூசாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏணியை இறக்கிவிடுகிறேன்.