மாடிக் குடித்தனக்காரர்

அக்கா நாவல் எழுதியிருக்கிறாள் என்றதும் முதலில் சிரித்துவிட்டேன். செய்யூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுத்து ரிப்போர்ட் எழுதுகிறவள். கல்யாணம் வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டு, சதுரங்கப்பட்டினத்தில் தனியாக வீடு எடுத்து இருக்கிறாள். ஐம்பதை நெருங்கும் வயதில் இது என்ன புது ஆசை? தட்டச்சு செய்த தாள்களை என்னிடம் கொடுத்து, "படிச்சிட்டு உள்ளத சொல்லுடா" என்றாள்.

நாவலூருக்குப் போகும் என் ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். இரண்டே நாளில் சிரிப்பு போய்விட்டது.

நாவலில், கடலோர வீட்டில் ஒருத்தி தனியாக இருக்கிறாள். மாடி காலி. அங்கே ஒரு குடித்தனக்காரர் இருப்பதாக நினைத்துக்கொள்கிறாள். அவருக்கு ஒரு உத்தியோகம், ஒரு வறட்டு இருமல், புளிக்குழம்பில் ஒரு ஆசை எல்லாம் கொடுக்கிறாள். தினமும் மாடிப்படியில் ஒரு டம்ளர் டீ வைத்துவிட்டு வேலைக்குப் போகிறாள். ஒருநாள் திரும்பி வந்து பார்த்தால் டம்ளர் காலி.

அந்த இடத்தில் எனக்குக் குப்பென்று வியர்த்தது. பேய் இல்லை, கொலை இல்லை, ஒரு காலி டம்ளரை வைத்தே மனுஷனை மிரட்டிவிட்டாள். என்ன கை அது!

ஆனால் கூடவே இன்னொரு பயமும் வந்தது. அக்கா வீட்டுக்கும் ஒரு மாடி உண்டு. அதுவும் காலி. கடைசி அத்தியாயத்தைப் படிக்கத் தைரியமில்லாமல் என் மனைவியிடம் சொன்னேன். "ஒண்டியா இருந்து இருந்து அவங்களுக்கு மனசு கெட்டுப்போச்சு. போய் கூட்டினு வந்துடுங்க" என்றாள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. சின்ன அறையை ஒழித்து வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கிளம்பினேன்.

அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். உட்காருவதற்குள் மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டேன். "அக்கா, நீ இங்க ஒண்டியா கெடக்க வாணாம். எங்க வூட்டுக்கு வந்துடு. ஒனக்குன்னு ஒரு ரூம் கீது. நீ ஒண்ணும் யோசிக்கவே வாணாம்."

"கடேசி அத்தியாயம் படிச்சியா?"

"இல்ல. பயமா இருந்துச்சு."

அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! கையைத் துடைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தாள். "எந்த எடத்துல?" டம்ளர் என்றேன். குறித்துக்கொண்டாள். "போ, மிச்சத்தையும் படிச்சிட்டு வா."

கூடத்தில் உட்கார்ந்து படித்தேன். டீயைக் குடித்தது அந்தக் கதாநாயகியின் தம்பி. அக்கா தனியாக என்ன பாடுபடுகிறாளோ என்ற கவலையில், அவளுக்குத் தெரியாமல் ஒரு சாவி செய்து வைத்துக்கொண்டு, அவள் இல்லாத நேரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போகிறவன். பாசக்காரன். ஆறிப்போகிற டீயை வீணாக்க மனமில்லாமல் குடித்திருக்கிறான். அவள் பயந்துபோனதும் உண்மையைச் சொல்லாமல், "ஒனக்குன்னு ஒரு ரூம் கீது. நீ ஒண்ணும் யோசிக்கவே வாணாம்" என்று தன் வீட்டுக்குக் கூட்டிப்போகிறான். அங்கே எல்லோரும் அன்பாகத்தான் நடத்துகிறார்கள். அவளுக்கு மட்டும் அதற்குப் பிறகு ஒன்றுமே தோன்றவில்லை. மாடிக்காரர் வரவேயில்லை. அத்தோடு நாவல் முடிகிறது.

பத்து நிமிடத்துக்கு முன் நான் சொன்ன வார்த்தைகள், நான் சொல்வதற்கு முன்பே அந்தத் தாளில் இருந்தன. வெட்கமாக இருந்தது. என் அக்கா என்று பெருமையாகவும் இருந்தது. இவ்வளவு துல்லியமாக மனிதர்களைப் பார்க்க அவளுக்கு அந்தத் தனிமை வேண்டும். நான் அதை வியாதி என்று நினைத்து வைத்தியம் பார்க்க வந்திருக்கிறேன்.

"முடிவ மாத்தணுமாடா?" என்று கேட்டாள்.

"ஒரு எழுத்தகூட மாத்தாத. நீ இங்கயே இரு, அக்கா."

பிறகு பர்ஸைத் திறந்தேன். போன பொங்கலுக்கு வந்தபோது, ஆத்திர அவசரத்துக்கு உதவும் என்று அவள் வீட்டுக்கு இன்னொரு சாவி செய்து வைத்திருந்தேன். அவளிடம் சொல்லவில்லை. சத்தியமாக ஒருமுறைகூட அதைப் பயன்படுத்தியதில்லை. எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

அக்கா ஆச்சரியப்படவில்லை. "இத்த எப்ப குடுப்பன்னுதான் பாத்துகினு இருந்தேன்" என்றாள்.